உங்கள் அளவுக்கு ஃப்ரில் வைத்த ப்ளூமர்

ரெடிமேட் ப்ளூமர் (தொடையில் எலாஸ்டிக் வைத்த தொளதொள அரைக்கால்சட்டை) இடுப்பில் சரியாக நின்றாலும், தரையில் சம்மணம் போட்டதும் பின்பக்கம் கீழே இழுக்கும். இடுப்புச் சுற்றளவைக் குறை சொல்லிப் பயனில்லை. கவட்டு இறக்கம், அதாவது இடுப்பிலிருந்து கவட்டு வரை உள்ள உயரம், போதவில்லை. அதனால் முதலில் எடுக்க வேண்டிய அளவு அதுதான். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு கெட்டியான ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருங்கள். நாடாவிலிருந்து ஸ்டூல் பலகை வரை பக்கவாட்டில் அளந்து 1½ இன்ச் கூட்டுங்கள். மெத்தை போட்ட நாற்காலி வேண்டாம், உடம்பு அமுங்கி அளவு தப்பும். இதோடு இடுப்பு, சீட் (பின்பக்கம் பருத்த இடம்) சுற்றளவு, முழு நீளம், ஃப்ரில் நிற்கும் இடத்தில் தொடைச் சுற்றளவு ஆகியவையும் வேண்டும். தொடையை உட்கார்ந்தபடியே அளக்கவும்.

துணிக்குப் பாப்ளினோ மல் காட்டனோ போதும். சென்னை வெயிலில் பாலியெஸ்டர் கலந்தது தொடையில் வேர்வையோடு ஒட்டி அரிப்பு தரும். துணிக்கடைகள் நிறைந்த கோடவுன் தெருவில் தேடலாம். அதற்கு முன் வீட்டு அலமாரியில் நைந்துபோகாத பழைய காட்டன் சேலை இருக்கிறதா என்று பாருங்கள், அதைவிட மென்மையான துணி கிடைக்காது. சீட் 42 இன்ச் வரை 36 இன்ச் அகலத் துணி போதும், அதற்கு மேல் 44. 20 இன்ச் நீள ப்ளூமருக்கு 1¾ மீட்டர் ஆகும். புதுத் துணியானால் இரவு முழுக்க நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள்.

சீட் 40, உட்கார்ந்த இறக்கம் 10 (1½ கூட்டும் முன்), ஃப்ரில்லோடு முழு நீளம் 20 என்று வைத்துக்கொள்வோம். பிரவுன் பேப்பரை நீளவாக்கில் மடியுங்கள். மடிப்புதான் பக்கவாட்டு, அங்கே தையல் இல்லை. ஃப்ரில் 2 இன்ச் எடுத்துக்கொள்ளும். கால் உப்பி நிற்க 2 இன்ச் கூடுதல் தேவை. ஆக, கால் நீளம் 20-தான். மேலிருந்து 11½ இன்ச்சில் கவட்டுக் கோடு போடுங்கள். அதில் மடிப்பிலிருந்து சீட்டில் கால் பங்கு 10, தளர்வு 2½, மொத்தம் 12½ குறியுங்கள். அங்கிருந்து முன்பக்கத்துக்கு 2½ (சீட்டில் 16-ல் ஒன்று), பின்பக்கத்துக்கு 5 (8-ல் ஒன்று) வெளியே நீட்டவும். 12½ புள்ளியிலிருந்து மேலே நேர்க்கோடு இழுத்து, மூலையை முன்பக்கம் 1¼, பின்பக்கம் 1¾ இன்ச் விட்டு வளைத்துவிடுங்கள். பின் நடுக்கோடு உச்சியில் 1 இன்ச் உள்ளே சாய்ந்து, 1½ இன்ச் உயர வேண்டும். குனியும்போது இடுப்பு இறங்காமல் இருப்பது இந்த உயரத்தால்தான். கீழே முன்னும் பின்னும், வெளியே நீட்டிய முனையிலிருந்து ஒரே 1½ இன்ச் உள்ளே வரட்டும். இல்லையென்றால் உள்கால் தையலின் இரு ஓரமும் நீளம் ஒத்துப்போகாது.

பின்பக்கக் கோட்டில் பேப்பரின் இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டி, விரித்து, ஒரு பக்கத்தை மட்டும் முன்பக்கக் கோட்டுக்குக் குறையுங்கள். தையலுக்கு எல்லாப் பக்கமும் ½ இன்ச், இடுப்பில் 1½ இன்ச் விடவும். துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி குறுக்கே இரண்டாக மடித்து வெட்டினால் இரண்டு காலும் எதிரெதிராக வரும். தனித்தனியாக வெட்டுபவர்கள் பேப்பரைத் திருப்பிப் போட மறந்து, இரண்டும் ஒரே கால் என்று தலையில் கைவைப்பது வழக்கம். தலைகீழ் தெரியும் டிசைனுக்கு மட்டும் தனியாக வெட்டுங்கள், பேப்பரைத் திருப்பி.

ஃப்ரில்லுக்கு 3 இன்ச் அகலப் பட்டி. நீளம் காலின் கீழ் வாய்ச் சுற்றளவில் ஒன்றரை மடங்கு, இந்த அளவில் காலுக்கு 44 இன்ச். இரண்டு மடங்கு வைக்க ஆசை வரும். வேண்டாம், மேலே எலாஸ்டிக் மறுபடி சுருக்கும்போது தொடையில் கயிறு சுற்றியதுபோல் தடித்துவிடும்.

முதலில் உள்கால் தையல். ஃப்ரில்லை வளையமாக மூட்டி, கீழ் ஓரத்தை மெல்ல மடித்து அடியுங்கள். மேல் ஓரத்திலிருந்து ⅜, ⅝ இன்ச்சில் மிக நீளத் தையலாக இரண்டு வரி ஓட்டவும், மேல் நூல் இழுவையைக் குறைத்து. ஒரே வரி போட்டால் சுருக்கு புரண்டு நிற்கும். ஃப்ரில்லையும் காலையும் நான்காகப் பங்கிட்டுக் குறி பொருத்தி, பாபின் நூல் இரண்டையும் சேர்த்து இழுத்து, இரு வரிக்கும் நடுவே தையுங்கள். ஓரத்தை ஜிக்ஜாக் அடித்து, ½ இன்ச் மேலே உள்பக்கம் எலாஸ்டிக் நுழைக்கத் துணிப் பட்டி வைத்துத் தையுங்கள்.

அடுத்து ஒரு காலை நல்ல பக்கம் தெரிய வைத்து, உள்பக்கம் தெரியும் மற்றக் காலுக்குள் நுழைத்துக் கவட்டை ஒரே ஓட்டத்தில் தைக்கவும். ⅛ இன்ச் தள்ளி இன்னொரு தையல் கட்டாயம். முதலில் கிழிவது இங்கேதான். இடுப்பை ¼, பிறகு 1¼ இன்ச் மடித்து அடியுங்கள்.

இடுப்புக்கு 1 இன்ச் எலாஸ்டிக், இடுப்பளவில் 2 இன்ச் குறைத்து. காலுக்கு ¼ இன்ச், தொடையளவில் 1 இன்ச் குறைத்து. எலாஸ்டிக் முனைகளை மூட்டுவதற்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளவும். முதலில் ஊக்கு குத்திப் போட்டுப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து, தடம் பதியவில்லை என்றால் மூட்டுங்கள். நூல் பிரித்து எலாஸ்டிக் மாற்ற எளிதாக, அதை நுழைக்க விட்ட இடைவெளியைக் கையால் தைத்து மூடினாலே போதும். வேர்வையிலும் வெயிலிலும் துணியைவிட எலாஸ்டிக்தான் முதலில் தளரும். இடுப்பு எலாஸ்டிக் புரளாமல் இருக்க, இரு பக்கவாட்டிலும் செங்குத்தாக ஒரு தையல் போட்டுவிடுங்கள்.