ஹாங்காங் குத்தகை: எழுதும்போது எங்கே தடுக்கி விழுகிறோம்?

"99 வருஷக் குத்தகை முடிந்தது, 1997-இல் ஹாங்காங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். ஹாங்காங் தீவு 1842-லும், கவுலூன் முனை 1860-லும் நிரந்தரமாகவே பிரிட்டன் கைக்குப் போனவை. 1898-இல் குத்தகைக்கு எடுத்தது வடக்கே உள்ள நியூ டெரிட்டரீஸை மட்டும். ஆனால் மொத்த நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அதுதான். அது போனால் மீதியை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

சீனா நியூ டெரிட்டரீஸை முன்பே திருப்பிக் கேட்கவே இல்லை என்று எழுதுவதும் சரியில்லை. இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே, 1942-இல் கேட்டது. லண்டன் மறுத்தது. பேச்சு முறிந்துவிடக் கூடாதே என்று சீனா இறங்கி வந்தாலும், சீனாவில் பிரிட்டனுக்கு இருந்த தனிச் சலுகைகளை முடிவுக்குக் கொண்டுவரும் ஒப்பந்தம் 1943 ஜனவரி 11-இல் கையெழுத்தானபோது, இதைப் பிறகு எழுப்பும் உரிமை தனக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டது. ஹாங்காங்கைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டதற்கு, அதே ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், சீனா மூன்றும் வெளியிட்ட கெய்ரோ பிரகடனத்தைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அது பேசுவது ஜப்பான் பறித்த இடங்களைப் பற்றி. ஹாங்காங்கின் பெயரே அதில் இல்லை.

என்னைக் கேட்டால், சுவாரசியமான இடம் 1945 செப்டம்பர் 16. ஹாங்காங்கில் இருந்த ஜப்பானியப் படை யாரிடம் சரணடைவது என்று ஒரு மாதமாக இழுபறி. சீனப் போர்முனையின் தலைமைத் தளபதி சீனத் தலைவர் சியாங் கை ஷேக், அதனால் தன்னிடமே என்றார். அமெரிக்க அதிபர் ட்ரூமனோ பிரிட்டன் பக்கம் சாய்ந்துவிட்டார். கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஹார்கோர்ட் என்ற ஒரே ஆள், பிரிட்டனுக்காகவும் சியாங்குக்காகவும் சேர்த்துச் சரணை ஏற்றார். ஆகவே "பிரிட்டனிடம் சரணடைந்தது" என்று மட்டும் எழுதினால் பாதிக் கதை விட்டுப்போகும்.

எல்லாக் குத்தகையும் 1997 வரை காத்திருக்கவில்லை. பிரான்ஸும் தென் சீனக் கரையில் 99 ஆண்டுக்கு எடுத்திருந்த குவாங்சோவானை 1945 ஆகஸ்ட் 18-இல் ஒப்பந்தம் போட்டுத் திருப்பித் தந்தது. பெயரைப் பார்த்து குவாங்சோ நகரம் என்று எழுதிவிடாதீர்கள், அது இன்றைய ஜான்ஜியாங்.

அப்புறம், "திருப்பிக் கொடுத்தார்கள்" என்ற சொல். ஹாங்காங்கை ஒப்படைப்பது பற்றி பிரிட்டனும் சீனாவும் வெளியிட்ட 1984 கூட்டறிக்கையில் பிரிட்டன்தான் அப்படிச் சொல்கிறது. சீனாவின் பத்தி தனி: இறையாண்மையைச் செலுத்துவதை மீண்டும் தொடங்குகிறோம் என்றுதான் அதில் இருக்கிறது.