பழைய ஸ்டீரியோவில் வைஃபை வழியே பாட்டு கேட்பது எப்படி?

நல்ல ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வீட்டில் சும்மா கிடக்க, போனிலேயே பாட்டு கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. செட் முப்பது வருடம் பழசானாலும் பரவாயில்லை. வைஃபை வழியே பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஸ்ட்ரீமர் என்ற கருவியும் ஒரு கேபிளும் இருந்தால் அதற்கு உயிர் வந்துவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஜோடி ஜோடியாக வட்ட ஜாக்குகள் இருக்கும். இவைதான் ஆர்சிஏ. சிவப்பு வலது பக்கம், வெள்ளை இடது பக்கம். சில செட்டுகளில் வெள்ளைக்குப் பதில் கறுப்பு இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஆக்ஸ், சிடி, ட்யூனர், டேப், ஃபோனோ என்று பெயர் போட்டிருக்கும். ஆக்ஸ், சிடி, ட்யூனர் மூன்றில் எது காலியோ அது போதும். டேப் என்றால் 'இன்' அல்லது 'ப்ளே' என்று எழுதிய ஜோடி மட்டும்; 'அவுட்', 'ரெக்' வேண்டாம், அவை சத்தம் வெளியே போகும் வழி.

ஃபோனோவை மட்டும் தொடாதீர்கள். அது இசைத்தட்டுக் கருவிக்கானது. இசைத்தட்டின் முள்ளிலிருந்து சில மில்லிவோல்ட்தான் வரும். அதைச் சுமார் நூறு மடங்கு பெருக்கி, பேஸைக் கூட்டி, ட்ரெபிளைக் குறைத்துக் கொடுப்பது ஃபோனோவின் வேலை. ஸ்ட்ரீமரிலிருந்து வருவதோ 1 முதல் 2 வோல்ட். அதையும் அப்படியே பெருக்கினால் கரகரவென்று பிசிறடிக்கும். தெரிந்தவர் ஒருவர் இப்படிச் செருகிவிட்டு ஸ்பீக்கரே போய்விட்டது என்று பயந்துபோனார். ஜாக்கை மாற்றியதும் சரியாகிவிட்டது.

அடுத்தது கேபிள். ஸ்ட்ரீமரில் ஹெட்போன் ஓட்டை மாதிரி 3.5 மி.மீ. ஓட்டை இருந்தால், ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்னும் உள்ள கேபிளை வாங்குங்கள். ஸ்ட்ரீமர், ஆம்ப்ளிஃபையர் இரண்டிலும் ஆப்டிகல் (சத்தத்தை ஒளியாக அனுப்பும் இணைப்பு) இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்; அந்த கேபிளின் முனையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள்.

சரி, இணைக்கலாம். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, வால்யூமைக் கடைசி வரை குறைத்துவிட்டு கேபிளைச் செருகுங்கள். ஸ்ட்ரீமருக்கு அதனோடு வந்த அடாப்டரிலிருந்தே கரண்ட் கொடுங்கள். அதன் ஆப்பைப் போனில் நிறுவி, அது கேட்கும் அனுமதிகளைக் கொடுத்து, வைஃபை பாஸ்வேர்டைப் போடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். போனும் ஸ்ட்ரீமரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விருந்தினருக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒன்று இருந்தால்கூட ஒன்றையொன்று கண்டுபிடிக்காமல் போகலாம். சில ஸ்ட்ரீமர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, கேபிள் செருகிய ஜாக்கின் பெயருக்கு செலக்டரைத் திருப்புங்கள். பாட்டு ஆப்பில், வைஃபை வழியே ஸ்ட்ரீமரில் பாட வைக்கும் வசதிகளான ஸ்பாட்டிஃபை கனெக்ட், ஏர்ப்ளே, காஸ்ட் இவற்றில் எது இருக்கிறதோ அதைத் தட்டி ஸ்ட்ரீமரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரீமரில் புளூடூத்தும் இருக்கலாம். ஆனாலும் நான் வைஃபையைத்தான் சொல்வேன். புளூடூத்தில் பாட்டு போன் வழியாகத்தான் வரும். போனோடு அடுத்த அறைக்குப் போனாலே விட்டு விட்டுக் கேட்கும். ஸ்பாட்டிஃபை கனெக்ட்டிலோ காஸ்ட்டிலோ ஸ்ட்ரீமரே நேராக இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட்தான், கால் வந்தாலும் பாட்டு நிற்காது.

வால்யூம் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. ஸ்ட்ரீமரின் வால்யூமை முழுதாகவோ அதற்குச் சற்றுக் கீழேயோ வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஸ்ட்ரீமரைக் குறைத்து வைத்து ஆம்ப்ளிஃபையரை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

பாட்டு இல்லாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால், இரண்டின் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் ஆப்டிகலுக்கு மாறுங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் இழையில் மின்சாரம் பாயாது என்பதால் கேபிள் வழியே வரும் ரீங்காரம் அங்கேயே நின்றுவிடும். பாட்டு அடிக்கடி அறுந்தால் ஸ்ட்ரீமரை ஆம்ப்ளிஃபையரின் இரும்புப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துத் திறந்த இடத்தில் வையுங்கள்.