ஆப் தொடங்கும் முன் ஜெனரல் மேஜிக்கைப் படியுங்கள்

ஆத்தங்குடி டைல்ஸ் விற்க ஆப் செய்யப்போகிறேன் என்று காரைக்குடியில் என்னிடம் வருகிற தம்பிகளை முதலில் ஜெனரல் மேஜிக் கதையைப் படிக்கச் சொல்வேன். 1990-ல் ஆப்பிளிலிருந்து பிரிந்த, கையடக்கக் கருவிகளுக்கு மென்பொருள் செய்த அமெரிக்கக் கம்பெனி. அவர்களுடைய மென்பொருளோடு 1994-ல் சோனி விற்ற மேஜிக் லிங்க் என்ற கையடக்கக் கருவியில் தொடுதிரை, மின்னஞ்சல் எல்லாம் உண்டு. ஆனால் மெயில் அனுப்ப டெலிபோன் வயரைச் செருக வேண்டும்! விலை சுமார் 800 டாலர். யார் வாங்குவார்கள்?

யோசனை நல்லதுதான்; அது ஓட மற்றவர்கள் தர வேண்டிய வசதிதான் அப்போது இன்னும் வரவில்லை. சரி, உங்கள் யோசனைக்கு வருவோம். அது ஓட வேறு யார் யார் எதைத் தர வேண்டும் என்று எழுதுங்கள். அதில் இன்னும் வராதது எது, அது வரும்வரை தாங்கக் கையில் காசு இருக்கிறதா என்று பாருங்கள். டைல்ஸை உடையாமல் சென்னைக்குக் கொண்டுபோக லாரிக்காரர் கிடைக்கும்வரை ஆப்பின் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

அப்புறம், வேலை பார்க்கிற பிள்ளைகளை நன்றாகப் பழக்குங்கள். ஜெனரல் மேஜிக் 2002-ல் மூடியது. ஆனால் முன்பு அங்கே வேலை பழகிய டோனி ஃபாடெல்தான் ஆப்பிளில் பாட்டுக் கேட்கும் ஐபாட் (iPod) கருவியை உருவாக்கிய குழுவை நடத்தினார்.