டாரட்டோர்: அடுப்பில்லாத சூப்பில் நாம் செய்யும் தவறுகள்

பல்கேரியாவில் வெயில் காலம் வந்துவிட்டால் மதியச் சாப்பாட்டில் முதலில் மேசைக்கு வருவது டாரட்டோர். தயிர், வெள்ளரிக்காய், பூண்டு, வால்நட், சதகுப்பைக் கீரை, கொஞ்சம் எண்ணெய், உப்பு, தண்ணீர். இவ்வளவுதான் சூப். கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியாலும் சாப்பிடுவார்கள், டம்ளரில் ஊற்றியும் குடிப்பார்கள். காரமோ மசாலாவோ எதுவும் சேராததால், ஒரு பொருள் சரியில்லை என்றாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

நாலு பேருக்கு 400 கிராம் தயிர் (அங்கே கடையில் விற்கும் டப்பாவின் வழக்கமான அளவு), ஒரு பெரிய வெள்ளரிக்காய், 250 மில்லி குளிர்ந்த தண்ணீர், இரண்டு பல் பூண்டு, ஒரு கைப்பிடி வால்நட், பொடியாக நறுக்கிய சதகுப்பை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய் போதும்.

பெரும்பாலான தவறு தயிரில்தான் நடக்கிறது. பல்கேரிய மொழியில் தயிருக்குப் பெயரே ‘புளித்த பால்’தான். ஆனால் அந்தப் புளிப்பு இதமானது. ஸ்டூடன் இஸ்வோர் என்ற ஊரில் பிறந்த ஸ்டாமன் கிரிகோரோவ், ஜெனீவாவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது 1905-இல் தன் நாட்டுத் தயிரை உறைய வைக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். இன்றும் அதன் பெயரில் ‘பல்காரிகஸ்’ என்று அந்த நாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் ஊரில் தயிருக்கென்று ஓர் அருங்காட்சியகமே உண்டு. அந்த பாக்டீரியாவுக்கு வெதுவெதுப்பு இருக்கும்வரை வேலை ஓயாது. தயிர் உறைந்த பிறகும் வெளியே வைத்திருந்தால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். நம் மே மாதத்தில் இரவு உறை ஊற்றி விடிந்த பிறகு பார்த்தால் மோர்க்குழம்புக்கு ஆகும், டாரட்டோருக்கு ஆகாது. உறைந்ததும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். புளித்துப்போனதில் பால் கலந்தாலும் சர்க்கரை போட்டாலும் தேறாது. பச்சைப் பூண்டும் அந்தப் புளிப்பும் சேர்ந்தால் நாக்கைச் சுடும்.

அடுத்தது மிக்ஸி. அதில் அடித்தால் தயிர் நுரைத்து நீர்த்துப்போகும். ஒரு ஃபோர்க்கால் தயிரை மட்டும் கட்டியில்லாமல் அடித்துவிட்டு, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கடையில் வாங்கிய கெட்டியான கிரேக்கத் தயிர் என்றால் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம்.

வெள்ளரிக்காயைத் துருவுகிறவர்கள் அங்கேயும் உண்டு. எனக்குக் கத்திதான் பிடிக்கும். தோல் சீவி, பயறு அளவுக்குப் பொடியாக நறுக்கினால் ஒவ்வொரு கரண்டியிலும் நறுக்கென்று கடிபடும். விதை முற்றிய நாட்டு வெள்ளரியாக இருந்தால் நடுப்பகுதியை வழித்து எடுத்துவிடுங்கள். கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கத்தில்தான் தங்கும், அதனால் அந்த முனையைத் தாராளமாக வெட்டிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்த பிறகே மேற்கொண்டு நறுக்குங்கள். நறுக்கியதில் உப்பைத் தூவிப் பத்து நிமிடம் வைத்தால் கிண்ணத்தின் அடியில் வெளிர் பச்சையாகத் தண்ணீர் ஊறி நிற்கும். பச்சடி செய்து பழகிய கை அதை உடனே பிழிந்து கொட்டப் போகும். கொட்டாதீர்கள். வெள்ளரியின் வாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது, சூப்புக்கு அது வேண்டும். பிழிவதெல்லாம் ஸ்னெஷாங்கா என்ற கெட்டித் தயிர் சாலடுக்கு. அதே பொருட்கள், தண்ணீர் மட்டும் கிடையாது.

பூண்டை நறுக்கிப் போட்டால் ஒரு துண்டு பல்லில் பட்டாலும் சூப்பின் ருசியே போய்விடும். ஒரு சிட்டிகை கல் உப்போடு சின்ன உரலில் விழுதாகும்வரை இடித்துத் தயிரில் கரைக்க வேண்டும். நேரமாக ஆகப் பூண்டின் வீச்சம் சூப் முழுக்கப் பரவும். கலந்ததும் குறைவாகத் தெரிகிறதே என்று இன்னும் இரண்டு பல் சேர்த்தால், மாலையில் பூண்டைத் தவிர வேறு ருசி தெரியாது.

வெயில் காலத்தில் வால்நட் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஒன்றைத் தின்று பார்க்காமல் போடாதீர்கள். மாவாக்காமல் ஒன்றிரண்டாக இடித்து, பரிமாறும்போது மேலே தூவுங்கள். சூப்பிலேயே ஊறவிட்டால் தோலின் துவர்ப்பு இறங்கும்.

சதகுப்பை கிடைக்காவிட்டால் கொத்தமல்லியைப் போடத் தோன்றும். கடுகு, கறிவேப்பிலை தாளிக்கவும் கை பரபரக்கும். அப்படிச் செய்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது நம் வெள்ளரிப் பச்சடி. டாரட்டோரின் வாசம் சதகுப்பையின் வாசம். பெரிய காய்கறிச் சந்தைகளில் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் சோயா கீரை என்ற பெயரில் இருக்கும்.

குளிர்ச்சியிலும் அவசரம் கூடாது. கடைசி நேரத்தில் ஐஸ் கட்டியை அள்ளிப் போட்டால் பாதி குடிப்பதற்குள் வெறும் தண்ணீராகிவிடும். ஐஸ் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஊற்றும் தண்ணீரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், வால்நட் தவிர எல்லாவற்றையும் கலந்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. குளிர்ந்தபின் உப்பு மட்டாகத் தெரியும், அதனால் கடைசி உப்பை அப்போது பார்த்துப் போடுங்கள். பிறகு எண்ணெய், வால்நட், இன்னும் கொஞ்சம் சதகுப்பை. மிஞ்சியதை மேசையிலேயே விட்டுவிடாமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் மதியம்வரை தாங்கும். தண்ணீர் பிரிந்து மேலே நிற்கும், ஒரு கலக்குக் கலக்கினால் சேர்ந்துவிடும்.