கடலடி எரிமலையின் இரும்பு பிளாங்டனுக்குப் போய்ச் சேர்ந்ததா? கண்டறியும் முறை

தென்மேற்குப் பசிபிக்கில் டோங்கா தீவுகளை ஒட்டிய கடலடி எரிமலைகளில் சில, சில நூறு மீட்டர் ஆழத்திலேயே வெந்நீரைக் கக்குகின்றன. அந்த நீரில் இரும்பு ஏராளம். மேல்மட்டக் கடல்நீரிலோ உயிர்களுக்கு நைட்ரஜன் தரும் நைட்ரேட் உப்பு அநேகமாக இல்லை. கரைந்த இரும்பும் லிட்டருக்கு 1 நானோமோலை (மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு) எட்டாது. நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே உணவாக்கிக்கொள்ளும் டிரைக்கோடெஸ்மியத்துக்கு (பிளாங்டன் எனும் மிதவை உயிர்களில் ஒன்றான நீலப்பச்சைப் பாக்டீரியா) நைட்ரேட் பஞ்சம் ஒரு பொருட்டல்ல. ஆனால் அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். 2019 நவம்பரில் பிரான்ஸின் லாத்தலாந்த் கப்பல் இங்கே ஆராய்ந்தது இந்தத் தொடர்பைத்தான். 2,000 மீட்டருக்குக் கீழுள்ள ஊற்றுகளின் நீர் சில நூறு மீட்டர் எழும்பி அங்கேயே பரவிவிடும் என்பதால், ஆழம் குறைந்த ஊற்றையே தேர்ந்தெடுங்கள்.

முதலில் ஊற்றுநீர் பரவும் அடுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். உப்புத்தன்மை, வெப்பம், ஆழம் அளக்கும் சிடிடி கருவியுடன் கலங்கல்மானியையும், ஊற்றுநீரின் வேதிப்பொருள்களை உணரும் ரெடாக்ஸ் மின்னழுத்த உணரியையும் சேர்த்து இறக்குங்கள். கலங்கல் மட்டும் உயர்ந்தால் நம்பாதீர்கள். சரிவிலிருந்து கிளம்பிய வண்டலும் அப்படித்தான் காட்டும். அதே ஆழத்தில் ரெடாக்ஸ் அளவும் சட்டென்று விழுந்தால்தான் அது புதிய ஊற்றுநீர்.

இரும்புக்கான மாதிரியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கப்பலே ஒரு இரும்புக் குவியல். ஒரு துரு துணுக்கு போதும், அளவு முழுக்கப் பாழ். உலோகக் கம்பிக்குப் பதில் கெவ்லார் எனும் செயற்கை இழைக் கயிறு, உட்புறம் டெஃப்லான் பூசிய கோ-ஃப்ளோ குடுவைகள் (மூடியபடி இறக்கி ஆழத்தில் திறக்கும் நீர்மாதிரிக் குடுவைகள்) இருக்கட்டும். குடுவை மூடியபடியே நீர்ப்பரப்பைத் தாண்டி, சுமார் 10 மீட்டரில் திறக்க வேண்டும். சேமிக்கும் பாலிஎத்திலீன் புட்டிகளைச் சோப்புக் கரைசலில் ஒரு வாரம், 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குறைந்தது இன்னொரு வாரம் ஊறவைத்துத் தூயநீரில் அலசுங்கள். தூய்மை அறைக்குள் 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, லிட்டருக்கு 2 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பிஎச் 1.8-க்கு அருகில் வரும். அமிலமும் உலோக மாசு நீக்கிய தரத்தில் இருக்க வேண்டும்.

பிளாங்டனை ஊற்றுக்கு நேர் மேலே மட்டும் தேடுவது வீண். டிரைக்கோடெஸ்மியம் இரட்டிப்பாகவே சில நாள் பிடிக்கும்; வினாடிக்கு 20 செ.மீ. நீரோட்டம் அதற்குள் நாளொன்றுக்கு 17 கி.மீ. இழுத்துப்போய்விடும். ஆகவே நீரோட்டத் திசையில் 5, 15, 50 கி.மீ. தொலைவுகளிலும், எதிர்த்திசையில் ஒப்பீட்டுக்கு ஓரிடத்திலும் எடுங்கள்.

பிளாங்டனின் அளவைக் காட்டும் பச்சையமான குளோரோஃபில்லுக்கு 500 மி.லி. நீரை ஜிஎஃப்/எஃப் எனும் கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, 90% அசிட்டோனில் இருட்டில் ஒருநாள் வைத்து அளந்தால் போதும். டிரைக்கோடெஸ்மியம் அப்படிச் சுலபமாகச் சிக்காது. வாயுப்பைகளால் அது குடுவைக்குள்ளேயே மேலேறிவிடும். குழாயில் பாதி பிடித்து நிறுத்தினால் எண்ணிக்கை குறைந்துபோகும். முழுக் குடுவையையும் உடனே வடித்து, 10 மைக்ரான் பாலிகார்பனேட் தாளில் நுண்ணோக்கியால் எண்ணுங்கள். லூகால் எனும் அயோடின் கரைசலில் அடியில் படியவைத்து எண்ணும் வழக்கமான முறை இதற்கு உதவாது.

இரும்புதான் காரணம் என்று சொல்ல வளர்ப்புச் சோதனை தேவை. ஒப்பீட்டிடத்து மேல்நீரை 4 லிட்டர் பாலிகார்பனேட் புட்டிகளில் நிரப்பி, வடிகட்டிய ஊற்றுநீரை 1%, 5%, 10% எனச் சேருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று புட்டி. எதுவும் சேர்க்காத புட்டிகளும், இரும்பு மட்டும் லிட்டருக்கு 2 நானோமோல் சேர்த்த புட்டிகளும் வேண்டும். பலர் மறப்பது இன்னொன்று: ஊற்றில்லாத இடத்தில் அதே ஆழத்து நீரைச் சேர்த்த புட்டிகள். ஆழத்து நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இயல்பாகவே உண்டு. இந்த வரிசை இல்லாவிட்டால் அவை தந்த வளர்ச்சியை எரிமலையின் கணக்கில் எழுதிவிடுவோம். புட்டிகளை மேல்தளத் தொட்டியில், ஓடும் கடல்நீரில், வெளிச்சத்தைக் குறைக்கும் வலையின்கீழ் வையுங்கள்.

முதல் இரண்டு நாளில் குளோரோஃபில் குறைந்தாலும் பதற வேண்டாம். ஊற்றுநீரில் செம்பு போன்ற நச்சு உலோகங்களும் வருகின்றன; உயிர்கள் அவற்றைச் சமாளித்த பிறகே வளர்ச்சி தெரியும். 48 மணி நேரத்தில் சோதனையை முடித்தால் ஊற்றுநீர் வெறும் நஞ்சு என்றே தோன்றும். ஒரு வாரமாவது ஓடட்டும்.