மஞ்சள் புடவை வந்ததும் நீலமான சுவர்

அக்கா மகளின் நலங்கை நான்தான் வீடியோ எடுத்தேன். அவளுடைய மஞ்சள் பட்டு திரையை நிறைக்கும்போதெல்லாம் பின்னாலிருந்த வெள்ளைச் சுவர் மெல்ல நீலமானது. விளக்கு மாறவே இல்லை.

காரணம் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிய கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் வசதி. காட்சியின் நிறங்களைச் சராசரி பார்த்தால் சாம்பல் நிறம் வரும் என்பது அதன் பழைய ஊகங்களில் ஒன்று. புடவையின் மஞ்சளை விளக்கின் மஞ்சளாக எடுத்துக்கொண்டு, கேமரா நீலத்தைக் கூட்டிவிட்டது.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் முழு கிளிப்புக்கும் ஒரே திருத்தம் போட்டேன், சரிவரவில்லை. அப்புறம் மாமாவின் வேட்டியை வெள்ளைக்கு அளவாக வைத்து, நிறம் நழுவிய இடங்களில் கீஃபிரேம் (அளவு மாற வேண்டிய நேரத்தைக் குறிக்கும் புள்ளி) போட்டு, நீலம்-மஞ்சள் சாயலை மாற்றும் டெம்பரேச்சரை நகர்த்தினேன். நிறங்களின் அளவைத் தனித்தனியாகக் காட்டும் பேரேடு வரைபடத்தில் வேட்டி இருக்கும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உயரத்துக்கு வந்தன. கன்னத்துச் சந்தனம் சந்தனமாகவே தெரிந்தபோது அவ்வளவு நிம்மதி!

கல்யாணத்தன்று கேமராவுக்குச் சாம்பல் நிற அட்டையை அளவாகக் காட்டி, ஒயிட் பேலன்ஸை முதலிலேயே பூட்டிவிட்டேன்.