உயரம் என்றாலே கிறுகிறுப்பவர்கள் கோபுரம் ஏற: மருதமலையில் பழகி புர்ஜ் கலிஃபா வரை

துபாய்க்கோ கோலாலம்பூருக்கோ டிக்கெட் போட்டாயிற்று. மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரை நெருங்கினாலே உள்ளங்கால் கூசுகிறவர், இனி ஒன்றரை மாதம் கையில் வைத்துக்கொண்டு பழகத் தொடங்க வேண்டும். போய் இறங்கிய அன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவது பலன் தராது.

தரையில் நிற்கும்போதும் உடம்பு லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்துச் சுவரும் மரமும் கண்ணில் நகர்வதை வைத்து மூளை அதைச் சரிசெய்துகொள்ளும். உயரத்தில் பக்கத்தில் ஒன்றும் இல்லாததால் கண்ணுக்கு அந்த ஆட்டம் தெரிவதில்லை. உள்காதும் பாதமும் ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்கிறது. கால் வெடவெடப்பதில் பெரும்பங்கு இதுதான்.

ஆகவே முதலில் கண்ணுக்கு அருகில் அசையாத ஒன்றைக் கொடுங்கள். தூணோ கம்பியோ ஓரக்கண்ணில் தெரியட்டும். தோளைச் சாய்த்து நின்று அடிவானத்தைப் பாருங்கள், பிறகு மெல்லக் கீழே. ஓடும் மேகத்தை அண்ணாந்து பார்த்தால் கோபுரமே சாய்வதுபோல் இருக்கும். தொட்டபெட்டாவில் தொலைநோக்கியில் பார்க்கிறவர்களும், போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்களும் எதிலாவது சாய்ந்துகொண்டு பார்ப்பது நல்லது.

பழகும் இடங்களை உயரத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். எவ்வளவு திறந்த இடம் என்பதே கணக்கு. மருதமலையின் 837 படிகள் உயரம்தான், ஆனால் படி அகலம், இடையில் மண்டபங்கள், இருபுறமும் மரம். சென்னிமலையின் 1320 படிகளும் தொடக்கக்காரருக்கு ஏற்றவை. இரண்டிலும் மேலே வண்டி போக வழி இருப்பதால் பாதியில் மாட்டிக்கொள்வோமோ என்ற பதற்றம் குறையும். அடுத்து வணிக வளாகத்துக் கண்ணாடி லிப்ட். அது உயரம் குறைவு, ஆனால் சிலருக்கு மலையைவிடக் கடினம். பிறகு நாமக்கல் கோட்டை. பாறையில் வெட்டிய படி, திறந்த வெளி. ஆழியாறு நீர்த்தேக்கத்துக்கு மேலே வால்பாறைச் சாலையின் 9-ஆம் கொண்டை ஊசி வளைவுக் காட்சிமுனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் படிகளில் வெறுங்கால் என்பதால் வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும்.

ஒவ்வொரு இடத்திலும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 5 அல்லது 6 வரும் இடத்தில் நின்றுவிட வேண்டும். அது 3-க்கு இறங்கும்வரை அங்கேயே இருங்கள். 20 நிமிடம் ஆகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். பலர் தவறுவது இங்கேதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடிவிடுகிறார்கள். ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் பதிந்துகொள்கிறது, அடுத்த முறை பயம் இன்னும் கூடுகிறது. கண்ணை மூடிக்கொள்வதும் கம்பியை நகம் பதியப் பிடிப்பதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. முதல் நாள் பிடித்துக்கொள்ளலாம். மூன்றாம் முறை ஒரு விரல் மட்டும் பட்டால் போதும். வாரம் இரண்டு மூன்று தடவை, ஒரே இடத்துக்கே திரும்பப் போங்கள்.

மூச்சை 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலைசுற்றல் அதிகமாகும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். மயக்கம் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் வருவது. பயத்தில் அது ஏறத்தான் செய்யும்.

ஏறுவதைவிட இறங்குவது சிரமம், பள்ளம் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும். முன்னே மூன்று நான்கு படிகளை மட்டும் பாருங்கள். தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கீழ்ப்பாதி வழியாகப் படி மங்கலாகத் தெரியும். தலையைக் குனிந்து மேல்பாதி வழியாகப் பார்க்க வேண்டும், அல்லது தூரப் பார்வைக் கண்ணாடியை மட்டும் போட வேண்டும்.

கூட வருகிறவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. "ஒண்ணும் ஆவாதுங்க, வாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் உதவாது. "இப்ப எத்தனைங்க?" என்று மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு அமைதியாக நின்றால் அதுவே பெரிய துணை.

வெளிநாட்டில் முதலில் எது? 828 மீட்டர் புர்ஜ் கலிஃபாவே மேல். 124, 125-ஆம் தளங்களில் லிப்ட் பக்கத்திலிருந்து கண்ணாடியை நோக்கி உங்கள் வேகத்தில் நகரலாம். மாலைச் சூரியனைப் பார்க்கக் கூட்டம் நெரியும், காலை நேரத்துக்கு டிக்கெட் வாங்குங்கள். லிப்டில் காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் சரியாகும். கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை 41, 42-ஆம் தளங்களில் இணைக்கும் பாலத்தில் குழுவாகக் கூட்டிப்போய்ச் சிறிது நேரமே விடுவார்கள்; பயம் இறங்கும்வரை காத்திருக்க முடியாது. அதை இரண்டாவதாக வையுங்கள்.

தரையில் நிற்கும்போதோ படுக்கையில் புரளும்போதோ தலைசுற்றினால், பழகத் தொடங்குமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அது உயரத்தால் வந்த பயமாக இருக்காது.